கரைச் சரிவில் கழற்றிவிட்ட டிரெய்லர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்து நெல் ஏற்றுகிறவர்கள் எங்கள் பாபநாசம் பக்கம் சிலர் உண்டு. நானும் மச்சானும் அப்படி ஒரு லாரியையும், கூடவே வந்த ஒன்றரை டன் டிரெய்லரையும் எடுத்தோம். கெட்டி இரும்பு, பெரிய டயர், சேற்றில் இறங்கினாலும் ஏறிவிடும். பிரேக்கைப் பற்றி மட்டும் விற்றவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டெல்டாவில் ஏது மேடு பள்ளம் என்ற நினைப்புதான். ஆற்றங்கரையும் பாலமும் மேடு இல்லாமல் வேறென்ன?

சம்பா அறுப்பு சமயம். 35 சிப்பம், சிப்பத்துக்கு 40 கிலோ, ஆக 1400 கிலோ. கொள்முதல் நிலையத்தில் அன்றைக்கு இடமில்லை என்றதால் டிரெய்லரை மட்டும் வெட்டாற்றுக் கரைச் சரிவில் கழற்றிவிட்டு லாரியோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். லாரியிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றியதும் புஸ்ஸென்று சத்தம், பிரேக் கவ்விக்கொண்டது, இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. விடியற்காலை போய்ப் பார்த்தால் வாய்க்காலில் குடைசாய்ந்து கிடக்கிறது! எவனோ வேண்டுமென்றே தள்ளிவிட்டான் என்று சண்டைக்கே கிளம்பிவிட்டோம்.

பக்கத்து ஊரில் ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வந்து, டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார். லாரியிலிருந்து இரண்டு ஹோஸ் வருகிறது. ஒன்றில் எப்போதும் காற்று இருக்கும், டிரெய்லரில் உள்ள டேங்கை அது நிரப்பி வைக்கும். இன்னொன்றில் டிரைவர் பிரேக் மிதித்தால்தான் காற்று வரும். முதல் ஹோஸ் அறுந்தாலோ கழன்றாலோ, டிரெய்லரில் உள்ள வால்வு தன் டேங்க் காற்றையே பிரேக்குக்குத் திறந்துவிடும். ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் காற்று வெளியேறி வண்டி நிற்கிறதே, அதே வழிதான், வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1872லேயே கண்டது.

நாங்கள் ஏமாந்தது இதற்கு அப்புறம். இப்போதைய லாரிகளில் வலுவான ஸ்பிரிங் ஒன்று உள்ளே இருக்கிறது, காற்று போனால் அந்த ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் நின்றாலும் விடாது. எங்கள் பழைய டிரெய்லரில் ஸ்பிரிங்கே கிடையாது. பிடிப்பதும் காற்று, அந்தக் காற்றோ பழைய வால்விலும் ரப்பரிலும் துளித்துளியாய்க் கசிகிறது. சாயங்காலம் மலை மாதிரி நின்றது நடுராத்திரிக்கு மேல் விட்டுவிட்டது. நிறுத்தி வைக்க என்று தனியாக ஹேண்ட் பிரேக் இருந்திருக்கிறது, அதன் கேபிள் எங்களிடம் வரும்போதே அறுந்திருந்தது.

இந்த மாதிரி டிரெய்லரை டிராக்டரில் கட்டி இழுக்கிறவர்கள் கதை இன்னும் மோசம். பெரும்பாலான டிராக்டர்களில் காற்று அடைக்கிற கம்ப்ரசர் இல்லை, சக்கரம் இறுகி நின்றால் மெக்கானிக் டேங்க் அடியில் உள்ள குழாயைத் திறந்து காற்றை விட்டுவிடுவார், வண்டி நகரும். நகர்த்துவதற்கு அது சரிதான். ஆனால் அதோடு டிரெய்லருக்குப் பிரேக் என்று எதுவும் இல்லை, பாலத்திலிருந்து இறங்கும்போது பின்னால் உள்ள பாரம் முழுக்க டிராக்டரைத் தள்ளும். (அந்தக் குழாய் உண்மையில் தண்ணீர் வடிக்கத்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்து வால்வைத் துருவாக்கிவிடும். எங்களுடையதைத் திறந்தபோது டீ நிறத்தில் கொட்டியது.)

உங்கள் விவசாயப் பக்கத்தில் டிராக்டர் விளம்பரங்களுக்கு நடுவே ஓர் ஓரமாக இதைப் போடுங்கள் ஐயா: கழற்றிவிடும் முன் ஹேண்ட் பிரேக்கை இழுக்கவும், இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுக்கவும். இப்போது எங்கள் லாரியில் பலாக்கட்டை இரண்டு நிரந்தரமாகக் கிடக்கிறது. வாய்க்காலில் நனைந்த 11 சிப்பத்தை 17 சதவீத ஈரப்பதம் தாண்டியது என்று திருப்பிவிட்டார்கள், களத்தில் கொட்டிக் காயவைத்து மறுபடி கட்ட நாலு நாள் ஆயிற்று.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்