சீடை இல்லாத பெட்டி

மாட்டுங்கா,
வியாழன் இரவு

அன்புள்ள கண்ணா,

இந்தக் கடிதம் உன் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருக்கும். தோஹா போய்ப் பெட்டியைப் பிரித்ததும் முதலில் சீடை டப்பாவைத்தான் தேடுவாய். தேடாதே, வைக்கவில்லை. கோகுலாஷ்டமிக்குச் செய்தது மிச்சம் இருக்கிறது, ஆனால் உனக்கு இல்லை. தட்டையும் இல்லை, நீ வாங்கி வைத்த லோனாவ்லா சிக்கியும் இல்லை. சிக்கியைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மெத்தென்ற பிரஷ் இரண்டும், ராகி மாவு ஒரு பொட்டலமும், பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன்.

போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகு வைத்து இம்ப்ளான்ட் போட்டார்களே, நேற்று அந்தத் தையல் பிரித்ததும் "முடிந்தது அம்மா" என்று சொன்னாயே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடியவில்லை.

போன வாரம் பரவாயில்லை, நான் பக்கத்தில் இருந்தேன். முதல் நாள் இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சப் போனாய், பிடுங்கி டம்ளரில் ஊற்றினேன். உறிஞ்சினாலும் காறித் துப்பினாலும் புண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். மூன்றாம் நாள் கன்னம் பூரி மாதிரி உப்பியதும் பயந்துபோனாய். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறித்தான் இறங்கும். அப்படியே இறங்கியது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், தலைக்கு இரண்டு தலையணை, குழைந்த சாதம் என்று ஓட்டிவிட்டோம். ரசத்துக்குக் கடுகு தாளிக்கவில்லை. ஒரு கடுகு போய்த் தையலில் உட்கார்ந்தால் யார் எடுப்பது? "என்னம்மா, ரசம் ஊமையாக இருக்கிறது" என்றாய். ஊமையாகவே இருக்கட்டும் என்றுதான் விட்டேன்.

இனிமேல்தான் எனக்குக் கவலை. டாக்டர் சொன்னபோது நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு அந்த டைட்டானியம் திருகு இறுக்கமாக நிற்பது திருகின பலத்தில்தான். முதல் சில வாரங்களில் அந்தப் பிடி கொஞ்சம் தளரும். புது எலும்பு வளர்ந்து திருகைச் சுற்றிப் பற்றிக்கொண்ட பிறகுதான் உண்மையான பிடி வரும். நடுவில், மூன்றாவது நான்காவது வாரத்தில், பழைய பிடியும் குறைந்து புதுப் பிடியும் முழுசாக வராத ஒரு சமயம் இருக்கிறது. அப்போது வலி இருக்காது, வீக்கம் இருக்காது, நானும் இருக்க மாட்டேன். நண்பர்களோடு மட்டன் எலும்பைக் கடிக்கத் தோன்றும். வலது பக்கம் வேண்டாம். மார்கழியில் வந்து திருகின் மேல் கேப், அதாவது செயற்கைப் பல், போடுகிற வரை இடது பக்கமே மெல்லு.

எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை ஸ்வீடனில் பிரனேமார்க் என்பவர் 1950களில் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாராம். முயலின் காலெலும்பில் ஆராய்ச்சிக்காகப் பொருத்தியதைக் கழற்றப் போனால் வரவே இல்லையாம். 1965இல் முதல் முதலாக ஒருவருக்குப் பல்லுக்காக வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அது உழைத்தது. உனக்கும் அவ்வளவு உழைக்கலாம்.

என்னுடைய இம்ப்ளான்ட் நாலே வருஷத்தில் ஆட்டம் காட்டியது, உனக்குச் சொல்லவில்லை. பல் தேய்க்கும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் ஈறில் ரத்தம் வரும். பிரஷ் முரடு என்று நினைத்து பிரஷை மாற்றினேன். தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில்தான் கிளினிக். கீரைப் பையோடு அந்த வாசலைத் தாண்டித் தாண்டியே ஏழெட்டு மாசம் போய்விட்டது. வலித்திருந்தால் போயிருப்பேன். வலிக்கவே இல்லை. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தால் திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம் மாதிரி கரைந்திருந்தது. ஈறைத் திறந்து சுத்தம் செய்து ஒரு வழியாகக் காப்பாற்றினார்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் இருக்கிறது. கல் கடித்தால் சுரீர் என்று உடனே சொல்வது அதுதான். இம்ப்ளான்டுக்கு அந்த நார் கிடையாது. சொத்தையும் ஆகாது, ஆனால் அழுக்குச் சேர்ந்தால் சுற்றியிருக்கிற ஈறும் எலும்பும் கெடும். அதனால் ஈறு சிவந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, வாய் நாறினாலோ அந்த வாரமே யாரிடமாவது காட்டு.

கேப் போட்ட பிறகு பல் இடுக்கில் விடுகிற குட்டி பிரஷ் வேண்டும். கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கு, வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டு. குண்டூசி, தீக்குச்சி எல்லாம் உன் அப்பாவோடு போகட்டும். அவருடைய சர்க்கரை உனக்கும் வரலாம், மூன்று மாதச் சராசரி டெஸ்ட் ஒன்று எடுத்து வை. சர்க்கரை ஏறிக் கிடந்தால் புண்ணும் ஆறாது, எலும்பும் சரியாகப் பிடிக்காது. அப்புறம், பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் நீ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது ஹால் வரை கேட்கும். இன்னும் கடிக்கிறாய், போன வாரமும் கேட்டேன். கேப் போடும்போது ராத்திரி பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு பாதுகாப்பு உறை செய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். மறந்தால் நான் கேட்பேன்.

பாஸ்போர்ட் உறையில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன். உன் திருகு எந்தக் கம்பெனி, எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், என்ன நம்பர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள். பத்து வருஷம் கழித்து எந்த ஊரில் இருப்பாயோ. உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் அதற்குப் பொருந்துகிற கருவி எது என்று அங்கே இருக்கிற டாக்டருக்கு அதைப் பார்த்தால்தான் தெரியும். இப்போது ஈறுக்கு மேல் தெரிகிற வெள்ளி நிற மூடி கழன்றால், விழுங்கிவிடாமல் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மறுநாளே அங்கே ஒரு டாக்டரிடம் போ. விட்டால் சதை வளர்ந்து மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. நீல சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் லைட்டர் இருந்தது. ஊதுவத்தி கொளுத்த வாங்கினேன் என்று சொல்லாதே. எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும், எலும்பு வளர ரத்தம் வேண்டும். புகைக்கிறவர்களுக்குத்தான் திருகு பிடிக்காமல் போவது அதிகம் என்று டாக்டர் சொன்னபோது நீ மட்டும் தலையைக் குனிந்தாய், அப்போதே தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. மார்கழி வரைக்குமாவது நிறுத்து. நிறுத்த முடியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் போனில் சொல், திட்ட மாட்டேன்.

லைட்டர் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கேட்டால் தர மாட்டேன்.

அம்மா