ஆயிரம் டோஸ் குப்பியும் பத்துக் கோழியும்

கோழித் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருப்பவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். கோழி அம்மைத் தடுப்பூசியைச் சின்னக் குப்பியிலும் அடைத்துத் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை.

இப்போது வருவது பெரும்பாலும் 500 டோஸ், 1000 டோஸ் குப்பி. பண்ணைக்காரருக்கு அது சரி. எங்களுக்கோ, மருந்தைக் கரைத்த ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க வழியில்லை. உள்ளே இருப்பது உயிருள்ள வைரஸ் என்பதால் கொல்லையில் கொட்டிவிடவும் முடியாது. பத்துக் கோழிக்காக இதையெல்லாம் யார் செய்வார்? பலர் ஊசியே போடுவதில்லை. கொசு பெருகும் காலம் வந்ததும் கொண்டையிலும் தாடியிலும் மரு மருவாகக் கிளம்பிவிடுகிறது.

வந்த பிறகு நோயை அறுக்க மருந்தில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தால் புண்ணில் சேரும் பாக்டீரியாவுக்குத்தான் கேட்கும், வைரஸுக்குக் கேட்காது. தோலோடு நிற்கும் அம்மை இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக ஆறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் இமையில் பொருக்குக் கட்டி இரண்டு கண்ணும் மூடிய பெட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், குடிக்காது. தலையைப் பிடித்து அலகை நனைத்துவிட்டால் மடக் மடக்கென்று குடிக்கும். அம்மையைவிடப் பட்டினிதான் இப்படிப்பட்ட கோழியைக் கொல்கிறது. வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சளாகப் படலம் கட்டும் வகை இன்னும் மோசம். மூச்சுக்குழல் அடைத்தால் கோழி பிழைப்பது அரிது.

நோய்க்கோழியைப் பிரித்து வைக்கலாம், கொசுவை யார் பிரிப்பது? உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்து வளரும் குஞ்சுகளுக்கும் அதே மண்தான்.

இன்னொன்று. அம்மை மெதுவாகப் பரவும். ஒன்றிரண்டு கோழியில் தெரிந்தவுடனே மற்றவற்றுக்கு ஊசி போட்டால் பலதைக் காப்பாற்றிவிடலாம். அந்த அவசரத்தில்தான் சின்னக் குப்பி கைக்குக் கிடைக்க வேண்டும்.

குப்பி சிறுத்தால் அடைக்கும் செலவு கூடும், தெரியும். டோஸுக்குக் கூடுதல் விலை வையுங்கள், கொடுக்கிறோம். 25 டோஸ் போதும். இரட்டை முனை ஊசியையும் அதே பெட்டியில் வையுங்கள்.

கூடவே வரும் தாளையும் எங்களுக்காக ஒருமுறை திருத்தி எழுதுங்கள். இறக்கையை விரித்தால் நடுவே தெரியும் மெல்லிய சவ்வில், இரத்தக்குழாயில் படாமல் குத்த வேண்டும் என்பதைப் படம் போட்டுக் காட்டுங்கள். 7 முதல் 10 நாளில் குத்திய இடம் தடித்துப் பொருக்குக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் ஊசி பிடித்ததற்கு அடையாளம். மறுநாள் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று மறந்துவிடுகிறவர்கள்தான் எங்களில் அதிகம். ஒன்றுமே கிளம்பாத கோழிக்குத் திரும்பப் போட வேண்டியிருக்கலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இந்த அம்மை மனிதருக்குத் தொற்றாது என்று பெரிய எழுத்தில் ஒரு வரி வேண்டும். பயந்துபோய்க் கோழிகளையே ஒழித்துக்கட்டும் வீடுகளும் உண்டு.

முதலில் ஒரே ஒரு தொகுதி மட்டும் சின்னக் குப்பியில் அடைத்து விற்றுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கொல்லையில் கோழி வளர்க்கும் ஒருவர்