முப்படை ஒருங்கிணைப்பில் வேகம் தேவை

ஆசிரியருக்கு,

நிலம், கடல், வான் ஆகியவற்றோடு விண்வெளியும் இணையவெளியும் போர்க்களங்களாகிவிட்ட காலத்தில், இந்திய முப்படைகளின் ஒருங்கிணைப்பு மிக மெதுவாக நகர்வது கவலை அளிக்கிறது. அந்தமான் நிக்கோபாரில் மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் முதல் முப்படைக் கட்டளையகம் 2001-இல் அமைந்தது. ஆனால் இத்தகைய அமைப்புகளின் தளபதிகள் மூன்று படையினர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் சட்டமோ 2023-இல்தான் நிறைவேறியது. சீனா 2016-லேயே ஐந்து கூட்டுக் கட்டளையகங்களை உருவாக்கி, 2024-இல் விண்வெளிக்கும் இணையவெளிக்கும் தனிப்படைகளை அமைத்துவிட்டது.

இந்தியாவிலும் இத்தகைய கூட்டுக் கட்டளையகங்களை அமைக்கும் திட்டத்தில், குறைவாக உள்ள போர் விமானங்களைப் பல கட்டளையகங்களுக்குப் பிரித்தளிப்பது குறித்த விமானப் படையின் தயக்கம் நியாயமானதே. எனினும், பாகிஸ்தானுடனான 2025 மே மாத மோதலில் தரைப்படையின் வான் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆகாஷ்தீர், விமானப் படையின் கட்டுப்பாட்டு அமைப்புடன் இணைந்து டிரோன்களை எதிர்கொண்டதைப் போல, ரேடார் தகவல்களைப் பகிரும் ஏற்பாட்டையேனும் முப்படைகளிலும் உடனடியாக விரிவாக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி