இத்தாலியக் கடலோர ஊர்களில் குடும்பத்தோடு தங்க விரும்புவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வெளிவந்த இத்தாலியக் கடற்கரைக் கட்டுரையை எங்கள் வீட்டில் அனைவரும் படித்தோம். கடலின் நிறத்தையும் குன்றோடு ஒட்டி நிற்கும் வண்ண வீடுகளையும் கட்டுரையாளர் அழகாக எழுதியிருக்கிறார். அதில் மிகை எதுவும் இல்லை. ஆனால், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை சேர்ந்து செல்லும் ஒரு குடும்பம் அங்கே இரவில் எங்கே தங்கும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் அதே ஊர்களுக்குச் சென்று, அது தெரியாமல் அல்லல்பட்டவர்கள் நாங்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் என் கணவரும், 78 வயதான என் மாமியாரும், மகனும் மருமகளும், இன்னும் பள்ளி வயதை எட்டாத மூன்று பேரப்பிள்ளைகளுமாக எட்டுப் பேர் சென்றோம். இத்தாலியின் வடமேற்குக் கரையில் ஐந்து ஊர்கள் சேர்ந்த சிங்குவே தெர்ரே பகுதியில், கொர்னீலியா என்ற ஊரில் இரண்டு அறைகளைப் பயண முகவர் ஒருவர் எங்களுக்காக முன்பதிவு செய்திருந்தார். பதிவில் பெரியவர்கள் ஐவர் என்று மட்டும் போட்டால் போதும், பிள்ளைகளை அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதை நாங்களும் ஏற்றுக்கொண்டோம். நம் மலேசியாவில் போர்ட்டிக்சனிலும் பங்கோர் தீவிலும் அறை எடுத்தால், பெரியவர்களுக்குக் கட்டிலும் பிள்ளைகளுக்குத் தரையில் பாயும் என்பதுதானே நம் வழக்கம்! எத்தனை பேர் படுத்திருக்கிறோம் என்று இங்கே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அங்கே எண்ணுகிறார்கள். 1931 ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 109 ஆவது பிரிவின்படி, இத்தாலியில் விடுதி நடத்துபவரும் அறை வாடகைக்கு விடுபவரும் தங்க வரும் ஒவ்வொருவரின் விவரத்தையும், கைக்குழந்தை உட்பட, வந்த 24 மணி நேரத்திற்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கார அம்மையார் எங்கள் கடப்பிதழ்களை வாங்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, எட்டில் நிறுத்தினார். அவருடைய அறைகளில் ஐந்து பேருக்கு மேல் தங்க அனுமதி இல்லை. அவர் கோபப்படவில்லை, அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ஐந்து ஊர்களிலும் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய என் மாமியார், அந்தச் சிறிய சதுக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல் பேரப்பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்ததைத்தான் என்னால் மறக்க இயலவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆகஸ்டு 13 ஆம் நாள். ஆகஸ்டு 15 இத்தாலியரின் பெருநாள்; ஃபெர்ராகோஸ்தோ என்பார்கள். மாதா விண்ணேற்பு விழாவும் அன்றுதான். அந்த வாரத்தில் நகரங்களில் பல கடைகள் மூடிக் கிடக்கின்றன, மக்கள் கடலை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். நம் தீபாவளி வாரத்தில் கோலாலம்பூரிலிருந்து வடக்கே வரும் நெடுஞ்சாலையை நினைத்துப் பார்த்தால் ஓரளவு விளங்கும். அந்த மாதத்தில் பல அடுக்குமாடி வீடுகளைச் சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை முழு வாரத்திற்கே வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு இரவுக்கு மட்டும் கேட்பவர்களுக்கு அவை கிடைப்பதில்லை. மலேசியர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை என்பது நல்ல வசதிதான், ஆனால் அந்த வசதியே நம்மைக் கடைசி நேரத்தில் முடிவெடுக்க வைக்கிறது.

இடம் இல்லாததற்குக் கூட்டம் மட்டும் காரணமில்லை. மொந்தெரொஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே ஆகிய இந்த ஐந்தும் செங்குத்தான மலைச்சரிவில், கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பித் திராட்சை பயிரிட்டவர்கள் கட்டிய சிற்றூர்கள். 1997 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும், 1999 முதல் தேசியப் பூங்காவாகவும் இருப்பவை. பெரிய விடுதி எழுப்ப அங்கே நிலமும் இல்லை, அதற்கு விடவும் மாட்டார்கள். விடவும் கூடாது என்பதே என் எண்ணம். ஆகவே தங்குமிடம் என்பது பெரும்பாலும், ஊர்க்காரர்கள் தங்கள் பழைய வீட்டில் ஒதுக்கித் தரும் இரண்டு மூன்று அறைகள்தாம். வீடுகள் ஒடுங்கி உயர்ந்தவை, மின்தூக்கி அரிது. கொர்னீலியாவில் இரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற ஏறத்தாழ 380 படிகள் இருக்கின்றன. சிறிய பேருந்து ஒன்று ஓடினாலும், அதிலிருந்து இறங்கிய பிறகு வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படிகளை யாரும் குறைத்துவிட முடியாது. ஐந்தில் ஓரளவு சமதளமும் நல்ல மணற்கரையும் உள்ள ஊர் மொந்தெரொஸ்ஸோ. விடுதிகளும் அங்கேதான் அதிகம், முதலில் நிரம்புவதும் அதுதான்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு மேல் எங்களுக்கு லா ஸ்பெட்சியா நகரில் ஒரு வீடு கிடைத்தது. ரியோமஜ்ஜோரேவிலிருந்து இரயிலில் எட்டு நிமிடப் பயணம். மின்தூக்கி இருந்தது, அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன, எட்டுப் பேரின் பெயரையும் முறையாக எழுதிக்கொண்டார்கள். காலையில் சோறு வடித்து, பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஓர் ஊருக்குப் போய் மாலையில் திரும்பினோம். மாமியார் சைவம், கடலை மாவில் செய்யும் ஃபரினாத்தா என்ற அந்த வட்டாரத்து அடையை விரும்பி உண்டார். முதலிலேயே இங்கே தங்கியிருந்தால் முகவரிடம் கட்டிய பணமும் போயிருக்காது. மலிவு விலையில் எடுத்த பதிவு என்பதால் ஒரு வெள்ளிகூடத் திரும்பி வரவில்லை.

ஆகவே, பெரிய குடும்பமாகச் செல்வோர் புகழ்பெற்ற ஊருக்குள்ளேயே அறை தேடாமல், அதை அடுத்துள்ள இரயில் நகரத்தில் தங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சிங்குவே தெர்ரேவுக்குத் தெற்கே லா ஸ்பெட்சியாவும் வடக்கே லேவந்தோவும் இருக்கின்றன. லேவந்தோவில் கடற்கரையும் உண்டு, அங்கிருந்து மொந்தெரொஸ்ஸோ ஐந்து நிமிடம். தெற்கு இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்குள்ள மலைச்சரிவு ஊரான பொசித்தானோவின் படிகளில் பெட்டியைத் தூக்குவதைவிட, அருகிலுள்ள சலேர்னோ நகரில் தங்கிக் கோடைகாலப் படகில் போய் வரலாம். கரையிலேயே தங்க வேண்டும் என்றால், அந்தப் பக்கத்தில் மிக நீண்ட மணற்கரை உள்ள மயோரி இருக்கிறது. பிள்ளைகள் ஆழமில்லாத நீரில் விளையாடினால் போதும் என்போர்க்கு, கிழக்குக் கரையில் உள்ள ரிமினியைச் சொல்வேன். அங்கே மணல் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு நீள்கிறது, மூன்று வேளை உணவோடு குடும்பங்களுக்கென்றே நடத்தும் விடுதிகள் வரிசையாக உள்ளன. அதன் அழகு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முதியோருக்கு அங்கே படி ஏறும் தொல்லை இல்லை.

முன்பதிவு செய்யும்போது கைக்குழந்தை உட்பட அனைவரின் எண்ணிக்கையையும் வயதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த மாடி, மின்தூக்கி உண்டா, நிலையத்திலிருந்து எத்தனை படி என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், குறுகிய காலத்திற்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் சி.ஐ.என். எனப்படும் தேசிய அடையாள எண் கட்டாயமாகியுள்ளது. விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்டாதிருப்பது நல்லது. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று பல ஊராட்சிகள் வாங்கும் தங்கும் வரியைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நம் நாட்டில் மே இறுதியில் தொடங்கும் விடுமுறை மிகவும் ஏற்றது. இத்தாலியப் பள்ளிகள் ஜூன் முதல் வாரம் கழிந்த பிறகே மூடுகின்றன. ஜூன் 2 அவர்களின் குடியரசு நாள் என்பதால் அதையொட்டிய நாள்களை மட்டும் தவிர்த்தால், ஆகஸ்டைவிடக் குறைந்த வாடகையில் நல்ல வீடு கிடைக்க வாய்ப்புண்டு.

இந்த விவரங்களைத் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில், அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் மட்டுமே மூன்று குடும்பங்கள் அந்த விடுமுறைக்காக இப்போது பணம் கட்டத் தொடங்கியிருக்கின்றன. அவர்களில் ஒரு வீட்டில் தாத்தா ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டார்; அவர்களுக்குக் கொர்னீலியாவில் மூன்றாம் மாடியில் அறை சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.