முதலில் அம்பைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மான் வேட்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், எய்த அம்பு கிடைக்காவிட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மிஷிகனில் வசிப்பவன் நான். ஆண்டுதோறும் அக்டோபர் முதல் தேதி வில் வேட்டைப் பருவம் தொடங்கியதும் பரண் ஏறுகிறவன். அந்த வரியை ஏற்க முடியவில்லை.

துப்பாக்கிக் குண்டுபோல அம்பு அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை. முனையிலுள்ள பிளேடுகள் அறுத்து, ரத்தம் இழந்துதான் மான் விழுகிறது. நெஞ்சில் சரியாகப் பட்ட மான்கூட நூறு கஜம் ஓடிவிடும். அம்போ பெரும்பாலும் உடலைத் துளைத்து மறுபக்கம் மண்ணில் செருகி நிற்கும். மான் எங்கே அடிபட்டது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தண்டில் குமிழி விட்ட இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல்; அரைமணி நேரம் பொறுத்துத் தடம் பிடிக்கலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கக்கூடும். சில மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பச்சையும் பழுப்புமாகப் பிசுபிசுத்து, மூக்கருகே கொண்டுபோனால் நாற்றமடித்தால் குடலில் பட்டிருக்கிறது. அப்போது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. தொந்தரவு இல்லாவிட்டால் அந்த மான் அருகிலேயே படுத்து உயிர்விடும். அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் ரத்தத் துளிகூடச் சிந்தாமல் வெகுதூரம் போய், யாருக்கும் கிடைக்காமல் வதைபட்டுச் சாகும். இறைச்சி கெடுமே, கயோட்டி என்ற ஓநாய் இனக் காட்டு விலங்கு தின்றுவிடுமே என்று மனம் அடித்துக்கொள்ளும்தான். ஆனாலும் காத்திருப்பதுதான் நியாயம். அம்பைப் பார்க்காதவனுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றே தெரியாது.

தேடுவதும் எளிதல்ல. பரணிலிருந்து பார்த்த இடம் கீழே இறங்கியதும் வேறாகத் தெரியும். அதனால் மான் நின்ற இடத்துக்கு அருகே ஒரு மரத்தையோ புதரையோ இறங்கும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மேப்பிள் சருகிலுள்ள சிவப்புப் புள்ளிகள் அசல் ரத்தம்போலவே ஏமாற்றும். எச்சில் தொட்ட விரலால் தேய்த்தால் ரத்தம் மட்டுமே கரைந்து இழுபடும். அம்பின் பின்முனையில் எரியும் சிறு விளக்கு மாலை இருட்டில் பெரிய உதவி. வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் போப் அண்ட் யங் சங்கம்கூட நெடுநாள் மறுத்திருந்து, 2014-இல் அதை ஏற்றுக்கொண்டது.

கிடைக்காத அம்பு சும்மா கிடப்பதில்லை என்பதையும் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். வைக்கோல் புல் வளரும் வயலில் சவரக் கத்திக் கூர்மையோடு கிடக்கும் அந்த முனை மாட்டின் குளம்பிலோ குழந்தையின் காலிலோ ஏறும். பாதி அம்புதான் கிடைத்தது என்றால், மீதி மானுக்குள் இருக்கிறது என்று கொள்ள வேண்டும்; வயிற்றைக் கிழித்து உள்ளே கையை நுழைக்கும்போது கவனம் தேவை. மண்ணில் கிடைத்த கார்பன் தண்டையும் வளைத்துப் பார்த்துக் கீறல் இல்லை என்று உறுதி செய்யாமல் மறுபடி நாணில் பூட்டக் கூடாது. உடைந்தால் சிம்புகள் கையில் பாயும்.

தடம் பக்கத்து நிலத்துக்குள் போனால் உரிமையாளரின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்பது நம் அகப்பாடல்களில் தலைவன் பேச்சுக்கொடுக்கும் சாக்கு. இங்கே அது மெய்யாகவே கேட்க வேண்டிய கேள்வி. எதுவும் பலிக்கவில்லையென்றால் மோப்ப நாய் வைத்திருப்பவர்களை அழைக்கலாம். மானைத் துரத்த நாயை விடுவது மிஷிகனில் குற்றம். அடிபட்ட மானைத் தேட மட்டும், கயிற்றில் பிடித்த நாய்க்கு அனுமதி உண்டு. அவர்களும் வந்ததும் முதலில் அம்பைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மிஷிகன், அமெரிக்கா