பழைய கார் கிளப்புகளுக்கும் ரேலி ஜட்ஜ்களுக்கும்: சீட் பெல்ட்டுக்கு மார்க் குறைக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

என்கிட்ட 1968 மாடல் அம்பாசடர் மார்க் 2 இருக்கு, அப்பா வாங்கினது, இப்பவும் ஞாயித்துக்கிழமைன்னா குடும்பத்தோட அதுலதான் வெளிய கிளம்புவோம். முன்சீட்ல ரெண்டு பேருக்கும் வீட்லயே சீட் பெல்ட் மாட்டி வச்சிருக்கேன். ஒரு ரேலியில அதுக்காகவே ஒரிஜினாலிட்டி மார்க்க, அதாவது வண்டி கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கான்னு பாத்துப் போடற மார்க்க, குறைச்சாங்க. எனக்கு அந்த மார்க் போனது பெருசில்ல, ஆனா மார்க் போயிடும்னே பெல்ட் வேணாம்னு விட்டுட்டு பொண்டாட்டி புள்ளைங்கள சும்மா உக்கார வச்சு ஈசிஆர்ல ஓட்டிட்டுப் போறவங்க நம்ம கூட்டத்துல நிறைய பேர் இருக்காங்க, அதுக்காகத்தான் இந்த மடல்.

பெல்ட் இந்தக் காலத்து சமாச்சாரம், பழைய காருக்கு ஒட்டாதுன்னு சொல்றீங்க. வோல்வோவுல இருந்த நில்ஸ் போலின்ங்கற இன்ஜினியர் மூணு முனை பெல்ட்ட 1959-லயே காருக்குக் கொண்டு வந்துட்டார், மத்த கம்பெனிக்காரங்களும் போட்டுக்கட்டும்னு வோல்வோ அந்த பேட்டன்ட்ட திறந்து விட்டுட்டாங்க. மார்க் 2 வந்ததே 1962-லதான். என் வண்டி மேற்கு வங்காளத்துல உத்தர்பாரா ஃபேக்டரியில தயாரான அதே 1968-ல அமெரிக்காவுல புது காருக்கு முன்சீட் பெல்ட் கட்டாயமாயிடுச்சு. அப்ப எது எந்தக் காலத்து சமாச்சாரம்? ரீல் இல்லாத சாதா கறுப்பு பெல்ட்டு, குரோம் பக்கிளு, அந்தக் காருக்கு அம்சமாத்தான் இருக்கு.

வண்டிக்குள்ள உக்காந்து ஒரு தடவ நிதானமா பாருங்க. இடிச்சா மடங்கிக் குடுக்கற ஸ்டியரிங் தண்டு இல்ல, நீட்டு இரும்பு ராடு, நேரா நெஞ்சப் பாத்து நிக்குது. டேஷ்போர்டும் இரும்புத் தகடு. நாலு வீலும் டிரம் பிரேக்கு, முன்னாடி போற புது வண்டி ஏபிஎஸ்ல டக்குனு நின்னுடும், நாம நிக்க மாட்டோம். கம்பெனியிலேயே பெல்ட் வராத காலத்து வண்டிய சட்டம் கட்டாயப்படுத்தறதில்ல, போலீஸும் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுல 1000 ரூபா கேக்க மாட்டாங்க, அது உண்மைதான். அதனால அடிபடாமப் போயிடுமா?

இன்னொரு பக்கமும் சொல்லணும், இதுதான் எனக்கு ரொம்ப வயித்தக் கலக்கற விஷயம். பெல்ட்ட எங்கயோ வாங்கி எப்படியோ மாட்டறாங்க. ஒரு ரேலியில பக்கத்துல நின்ன வண்டியில பில்லர்ல, அதாவது கதவுக்குப் பக்கத்துல கூரையத் தாங்கற தூண்ல, நட்டே இல்லாம தகட்டுல தானா மரை வெட்டி ஏறற செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ போட்டு பெல்ட்ட முடுக்கியிருந்தாங்க, மேல அழகா ஒரு பிளாஸ்டிக் மூடி. ஐரோப்பிய விதியில டெஸ்ட் பண்றப்ப தோள் பெல்ட்டுல சுமார் 1350 கிலோ, இடுப்பு பெல்ட்டுல சுமார் 1350 கிலோ, ரெண்டும் ஒரே நேரத்துல இழுக்கறாங்க, ஆங்கர், அதாவது பெல்ட்ட வண்டி பாடியோட பிடிச்சிருக்கற இடம், பிச்சுக்கிட்டு வரக்கூடாது. அந்த ஸ்க்ரூ எந்த மூலைக்கு?

நான் செஞ்சது இப்படி. மொதல்ல கால்மிதி, தார் ஷீட் எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால ஃப்ளோர் பூரா தட்டிப் பாத்தேன், நல்ல தகடு கணீர்னு கேக்கும், துருப்பிடிச்சு பட்டி பாத்த இடம் பொத்துனு கேக்கும். பொத்துனு கேட்ட இடத்த டிங்கர்கிட்ட குடுத்து வெட்டி புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணின அப்புறம்தான் ட்ரில்லையே கையில எடுத்தேன். போல்ட்டு 7/16 இன்ச், யூஎன்எஃப்ங்கற நெருக்க மரை, பெல்ட் செட்டோட வர்றதுதான், கடையில கெடைக்கற சாதா போல்ட் ஆகாது. ஃப்ளோருக்கு அடியில பிளேட்டு வைக்கணும், வெறும் வாஷர் வச்சா தகட்டக் கிழிச்சிட்டு வந்துடும். கார் பந்தயத்துக்கான உலக அமைப்பு எஃப்ஐஏ விதியில கேக்கறது 3 மில்லி கனம், 40 சதுர சென்டிமீட்டர், நான் மூணு இன்ச் சதுரத்துல போட்டு மூலைய உருட்டி விட்டேன், கூர் மூலை தகட்ட அறுக்கும். ஓட்ட போடறதுக்கு முன்னால அடியில படுத்து பெட்ரோல் பைப்பு, பிரேக் பைப்பு எங்க ஓடுதுன்னு கண்டிப்பா பாக்கணும். கடைசியா ரெட் ஆக்ஸைடு அடிச்சு அண்டர்கோட்.

தோள் ஆங்கர் தோளுக்குக் கீழ வந்தா இடிக்கறப்ப முதுகெலும்ப கீழ அழுத்தும், அதனால பில்லர்ல உசரமாத்தான் வரணும். அங்க தகடு மெலிசு, உள்பக்கமா நட் வச்ச பிளேட்ட வெல்டிங் பண்ணணும், அத மட்டும் கை தேர்ந்த ஆள்கிட்ட விட்டேன். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பு மேல படியணும், வயித்து மேல ஏறக்கூடாது. நம்ம மெட்ராஸ்ல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்ல ரெண்டு கதவு வச்சிருக்கவங்க, முன்சீட்டு முன்பக்கமா மடங்கும், சீட்டுக்கு லாக் இல்லாம பெல்ட் மட்டும் போட்டா பத்தாது.

புதுப்பேட்டையில கழட்டின பெல்ட் சல்லிசா கெடைக்கும், தயவு செஞ்சு வாங்காதீங்க. இடிச்ச வண்டியோடதா இருந்தா அந்த நாடா ஏற்கெனவே இழுபட்டிருக்கும், புது மாடல்ல இடிச்சதும் பெல்ட்ட இழுத்து இறுக்கற ப்ரீடென்ஷனர்னு ஒண்ணு, அதுக்குள்ள வெடிமருந்து வேற இருக்கும். உயிர் விஷயத்துல புது பெல்ட்டுக்கு காசு பாக்காதீங்க.

இப்ப கேக்க வேண்டியதுக்கு வர்றேன். 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு, விஏ சீரிஸ் நம்பர். ஒரிஜினலா இருக்கணும், பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஃப்ளோர்ல நாலு ஓட்ட போட்டது பெரிய மாற்றமான்னு யாரும் யாரையும் மெரட்டாம இருக்கணும்னா, சீட் பெல்ட் ஆங்கர் அந்தக் கணக்குல வராதுன்னு அமைச்சகத்துக்கிட்ட எழுதி வாங்க வேண்டியது நீங்கதான். தனி ஆளு எழுதினா பதில் வராது, கிளப்புகள் சேந்து எழுதினா வரும்.

ரேலி ரூல் ஷீட்ல ஒரு வரி சேருங்க: முறையா மாட்டின பெல்ட்டுக்கு மார்க் குறைப்பு கிடையாது. கூடவே காலையில வண்டி செக் பண்றப்ப, பெல்ட் இருக்கற வண்டிக்கு ஆங்கர் பிளேட்டையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ இருந்தா ஸ்டார்ட் லைனுக்கே விடாதீங்க. என் வண்டியிலயே ஆரம்பிச்சாலும் சரி, ஜாக்கி, ஸ்டாண்டு, டார்ச் எல்லாம் நானே எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு மார்க் 2 ஓனர்