கிளாட்டும் தமிழில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமங்கலம் கோர்ட்டில் இருபது வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். என் மகள் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். வக்கீலாக வேண்டும் என்பது அவள் ஆசை. (எனக்கும்தான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.) தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டைப் போன டிசம்பரில் எழுதினாள்.

தேர்வுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைடில் இருந்த மாதிரி வினாத்தாளோடு உட்கார்ந்தாள். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். ஒவ்வொரு நாலைந்து கேள்விக்கும் முன்னால் நானூற்றைம்பது வார்த்தை வரை நீளும் ஆங்கிலப் பத்தி ஒன்று நிற்கும். தப்பாக எழுதினால் கால் மார்க் போய்விடும்.

அன்று வந்தது வழிப்பாதைத் தகராறு பற்றிய பத்தி. 'ஈஸ்மென்ட்' (அடுத்தவர் நிலத்தில் வழி போன்றவற்றுக்கான உரிமை) என்ற வார்த்தைக்கு அவள் திணறவில்லை, எங்கள் வீட்டில் சாப்பிடும்போதே அடிபடும் வார்த்தை அது. 'நாட்வித்ஸ்டாண்டிங்' (இருந்தபோதிலும்) என்பதில்தான் பென்சில் நின்றுவிட்டது. அந்த ஒரு பத்திக்கே இருபது நிமிடம். அப்புறம் அதையே நான் தமிழில் சொன்னேன். ஐந்தில் நான்கு சரி. ஐந்தாவதற்கு, கைடில் இருக்கிற விடைதான் தப்பு என்று என்னோடு வாதாடினாள்.

நீட்டைத் தமிழில் எழுதலாம், ஜேஇஇ மெயினையும் எழுதலாம். 2008-இல் தொடங்கிய கிளாட் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்தான். 2023-இல் இதற்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நம் சட்டமன்றம் சட்டம் போட்டு உருவாக்கியது. அங்கே சேரவும் இதே தேர்வுதான்.

ஆங்கிலமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனால் அது இல்லாமல் முடியாது. ஐந்து வருடம் படிக்கப் போகிற பிள்ளை அதற்குள் கற்றுக்கொள்ளும். எங்கள் கோர்ட்டில் சாட்சி விசாரணை தமிழில்தானே நடக்கிறது?

இன்னொன்று, தேதி. விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய். தேர்வு டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் 'லா படிக்கலாமா' என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். மதுரை அரசு சட்டக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்து விண்ணப்பிக்கலாம் என்று அனுப்பி வைக்கிறேன். என் மகளும் அங்கே விண்ணப்பிப்பாள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கிளாட் என்று ஒன்று இருப்பதைப் பிளஸ் ஒன் வகுப்பிலேயே யாராவது சொல்ல வேண்டாமா?

தமிழ் வினாத்தாள் வரும்வரை, மதுரை புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஞாயிறுதோறும் இந்தப் பத்திகளை வாசித்துப் பழக்க ஏற்பாடு செய்தால் நல்லது. மகளுக்கு இனி அது உதவாது. அவள் தம்பி இப்போது பத்தாவது படிக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.